ஆதன், பாரி, அதியன், சாத்தன்: பையனுக்கு எந்தப் பெயர்?

பையனுக்கு யாரும் வைக்காத பெயராக வேண்டும், அதே சமயம் தமிழ்ப் பெயராகவும் இருக்க வேண்டும் என்று என் தங்கை கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கிற வேறு பெற்றோருக்கும் பயன்படலாம்.

பெயர்ப் புத்தகங்களில் ‘அபூர்வப் பெயர்கள்’ என்ற தலைப்பில் வருகிறவற்றில் பல, இரண்டு மூன்று எழுத்துகளை மாற்றிப் போட்டுச் செய்தவை. கேட்கப் புதிதாக இருக்கும். ஆனால் அந்தப் பெயரோடு இதற்கு முன் ஒரு மனிதர்கூட வாழ்ந்திருக்க மாட்டார். எனக்கு அதில் ஈடுபாடு இல்லை. ஒரு காலத்தில் இந்த மண்ணில் ஆட்களைக் கூப்பிடப் பயன்பட்டிருக்க வேண்டும், நடுவில் மறந்துபோயிருக்க வேண்டும், இன்று வைத்தாலும் வாயில் நிற்க வேண்டும். அப்படித் தேறிய நான்கு பெயர்கள்தான் தலைப்பில் இருப்பவை.

ஒரு பெயர் அபூர்வமா இல்லையா என்று சரிபார்க்க நமக்கு எளிய வழி இல்லை. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புத் துறையும், இங்கிலாந்தில் தேசியப் புள்ளியியல் அலுவலகமும் ஆண்டுதோறும் குழந்தைப் பெயர்களை எண்ணிக்கையோடு வெளியிடுகின்றன. நம் ஊரில் அந்த வழக்கம் கிடையாது. பள்ளிக்கூட வருகைப் பதிவேடு, காதுகுத்துப் பத்திரிகை, வாக்காளர் பட்டியல் என்று கண்ணில் படுவதை வைத்துத்தான் கணிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கணிப்பில் தப்பு வரலாம். ஆனால் பெயரின் பிறப்பைப் பற்றி அப்படிக் கணிக்க வேண்டியதில்லை. அதற்குக் கல்லிலும் ஓட்டிலும் ஏட்டிலும் சான்று இருக்கிறது.

சங்ககாலப் பெயர்கள் நம் வீடுகளுக்குத் திரும்பி வந்தது அச்சுப் புத்தகத்தின் வழியாகத்தான். உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892இலும் புறநானூற்றை 1894இலும் பதிப்பித்தார். 1916இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியதும் வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். பின்னால் திராவிட இயக்கம் வளர்ந்தபோது நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். அவர்களைப் பார்த்து ஊர் ஊராகச் செழியன்களும் இளங்கோக்களும் பிறந்தார்கள். அந்த அலையில் கரையேறியவை பெரும்பாலும் அரசர் பெயர்களும் புகழ்பெற்ற புலவர் பெயர்களும்தான். தன் பானையில் தன் பெயரைக் கீறி வைத்த ஆளின் பெயர் அதில் வரவில்லை. வந்திருக்கவும் முடியாது, அந்த ஓடுகளில் பெரும்பாலானவை அப்போது மண்ணுக்குள் கிடந்தன.

பாரியை முதலில் பார்த்துவிடலாம், நான்கில் அதிகம் புழங்குகிற பெயர் அதுதான். பறம்பு மலையின் தலைவன், கபிலரின் நண்பன், முல்லைக் கொடிக்குத் தேர் ஈந்தவன் என்பதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைதான் அந்தப் பறம்பு என்பார்கள். பாரி இறந்து பல நூற்றாண்டுகள் கழித்து, சுந்தரர் திருப்புகலூர்ப் பதிகத்தில் “கொடுக்கிலாதானைப் பாரியே என்று கூறினும் கொடுப்பாரிலை” என்று பாடுகிறார். கொடை என்றதும் நாக்கில் வருகிற பெயராக அது அவ்வளவு காலம் நின்றிருக்கிறது. ஒரு பெயருக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

ஆனால் அபூர்வம் என்ற கணக்கில் பாரி பின்தங்கிவிட்டது. பாரி, வேள்பாரி, பாரிவேந்தன், பாரிவேள் என்று சமீப ஆண்டுகளில் நிறையக் கேட்கிறேன். இன்னொரு விஷயம், பாரி என்று எழுதி வடக்கே அனுப்பினால் பெண் குழந்தையா என்று கேட்பார்கள். அங்கே ‘பரி’ என்பது தேவதை என்ற பொருளில் பெண்ணுக்கு வைக்கிற பெயர். சென்னைக்காரர்களுக்குப் பாரிமுனை நினைவுக்கு வரும், அது 1788இல் இங்கே வியாபாரம் தொடங்கிய தாமஸ் பாரி என்ற வெள்ளைக்காரரின் பெயரால் வந்த இடம், வள்ளலுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. இதெல்லாம் பெரிய குறைகள் இல்லை. யாரும் வைக்காத பெயர் என்ற ஒரு நிபந்தனையை விட்டுக்கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் யோசிக்காமல் பாரி என்று வைக்கலாம். கூப்பிட அவ்வளவு சுகமான பெயர்.

இங்கே ஒரு சின்ன விலகல். கடையெழு வள்ளல்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: பேகன், பாரி, காரி, ஆய், அதியன், நள்ளி, ஓரி. ஏழில் நான்கு ‘இ’யில் முடிகின்றன. அன்றைக்கு இகரத்தில் முடிவது ஆண் பெயருக்கு இயல்பாக இருந்தது. இன்றைய காதுக்கு அது பெண் பெயராகப் படுகிறது. அதியமான் குடியில் வழங்கிய எழினி என்ற பெயருக்கு அதுதான் நடந்தது. யாழினியோடு ஒலி ஒத்துப்போனதால் இன்று அதைப் பெண் குழந்தைகளுக்கு வைக்கிறார்கள். ஓரியையும் இதே காரணத்தால்தான் என் பட்டியலிலிருந்து எடுத்தேன். கொல்லிமலையில் ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரிக்கு விழா எடுக்கிறார்கள், அந்தப் பக்கத்து மக்களுக்கு அது நெருக்கமான பெயர். மலைக்குக் கீழே இறங்கிவிட்டால் ‘ஓரி’ என்றால் ஆண் நரி என்று சொல்கிற ஒரு தமிழாசிரியராவது எதிரில் வருவார்.

சரி, அதியன். ஆதாரம் என்று பார்த்தால் நான்கு பெயர்களில் இதற்குத்தான் மிக உறுதியான கல் இருக்கிறது. திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் ஜம்பை என்ற ஊரில் ஒரு குகைத்தளத்தில் தமிழிக் கல்வெட்டு, அதாவது தமிழ் பிராமி என்ற பழைய எழுத்தில் வெட்டியது, 1981இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே வரி: “ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி”. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த குகை இருப்பிடம் என்று பொருள். அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சேரரோடு சேர்த்து ‘சதியபுத்திரர்’ என்று ஒரு குடி சொல்லப்படுகிறது. அவர்கள் யார் என்று அறிஞர்கள் பல காலம் வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஜம்பையின் ஒரு வரி அதற்குப் பதில் சொல்லிவிட்டது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த, தகடூர் என்ற இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமான் குடியும் அசோகர் குறித்த குடியும் ஒன்றுதான். ஏட்டில் மட்டும் இருந்த ஒரு பெயர் கல்லிலும் வந்து நின்ற இடம் அது. எனக்கு அந்தக் கல்வெட்டைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் மயிர்க்கூச்செறியும்.

அந்தக் குடிப்பெயர் அங்கேயே முடிந்துவிடவும் இல்லை. ஆயிரம் ஆண்டுக்கும் மேல் கழித்து, போளூருக்கு அருகில் உள்ள திருமலை சமணக் கோயில் கல்வெட்டில், தகடூரை ஆண்ட விடுகாதழகிய பெருமாள், முன்னோர் எழினி வைத்த இயக்கன் இயக்கி என்ற சமணக் காவல் தெய்வங்களின் உருவங்களைத் தான் பழுதுபார்த்ததாகச் சொல்கிறார்.

பெயராகச் சூட்டுவதில் ஒரே தடை, அதியமான் என்பது நீளம். அத்தோடு கொஞ்சம் கனமும் கூட. தருமபுரிப் பக்கம் அதியமான்கோட்டை என்ற ஊர், ஓசூரில் அந்தப் பெயரில் பொறியியல் கல்லூரி என்று பொதுப்பெயர் போலவும் ஆகிவிட்டது. ‘அதியன்’ என்று சுருக்கினால் இரண்டு பிரச்சினையும் தீர்கிறது. கல்வெட்டிலேயே அந்த வடிவம்தான் இருக்கிறது என்பதால் சுருக்கியதாகவும் ஆகாது. வீட்டில் ‘அதி’ என்று கூப்பிடலாம். அதியனை இன்னும் அதிகம் பேர் வைக்கவில்லை, வைத்த இடங்களில் அழகாகவே இருக்கிறது.

சாத்தன் என் மனத்துக்கு மிகவும் பிடித்த பெயர். அதைத்தான் வேண்டாம் என்றும் சொல்லப்போகிறேன். தமிழ் இலக்கண உரைகளைத் திறந்தால் எங்கு பார்த்தாலும் சாத்தன்தான். “சாத்தன் வந்தான்”, “சாத்தன் உண்டான்”. எழுவாய்க்கும் வேற்றுமைக்கும் எடுத்துக்காட்டு வேண்டும் என்றால் உரையாசிரியர்களுக்குச் சாத்தனும் கொற்றனும் போதும். அவ்வளவு சாதாரணமான, தெருவுக்கு ஒருவர் வைத்திருந்த பெயராக இருந்தால்தான் அப்படி எடுத்தாள முடியும். மணிமேகலை பாடியவர் சீத்தலைச் சாத்தனார். எகிப்தின் செங்கடல் கரையில் குசெய்ர் அல் காதிம் என்ற பழைய துறைமுகத்தில் கிடைத்த பானை ஓட்டில் ‘சாதன்’ என்று தமிழியில் கீறியிருக்கிறது. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து போன ஒருவர் தன் சாமானை அடையாளம் காண எழுதி வைத்தது. ஐயனாருக்கும் சாத்தன் என்று பெயர் உண்டு. சாத்தனூர், சாத்தங்குடி என்று ஊர்ப் பெயர்களில் இன்றும் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

ஆனால் தமிழ் விவிலியத்தில் ‘சாத்தான்’ வந்தது, ‘குட்டிச்சாத்தான்’ கதைகளும் பரவின. நடுவில் ஒரு கால் எழுத்துதான் வித்தியாசம். எத்தனை கல்வெட்டைக் காட்டி விளக்கினாலும் ஆறு வயசுப் பிள்ளைகள் விடமாட்டார்கள். நம் ஆசைக்காக ஒரு குழந்தை பள்ளி முழுக்க அந்தக் கேலியைத் தாங்க வேண்டுமா? வேண்டாம். கொற்றனுக்கும் ஒரு சிக்கல் உண்டு, ‘ற்ற’ பேச்சில் ‘த்த’ ஆகிவிடுவதால் ‘கொத்தன்’ என்றுதான் காதில் விழும். வெளிமாநிலத்தில் அந்த எழுத்தை எப்படி எழுதுவது என்பதே தீராத தகராறு ஆகிவிடும்.

மிச்சமிருப்பது ஆதன். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

இந்தப் பெயரை வைத்திருந்தவர்களைப் பாருங்கள். சேர அரசர் பெயர்களில் அது வால் போல ஒட்டியிருக்கிறது: இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், ஆடுகோட்பாட்டுச் சேரலாதன், கபிலர் பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தில் பாடிய செல்வக்கடுங்கோ வாழியாதன். கரூருக்குப் பக்கத்தில் புகளூர்க் குகைக் கல்வெட்டு ‘கோ ஆதன் செல்லிரும்பொறை’, அவர் மகன், பேரன் என்று மூன்று தலைமுறையைச் சொல்கிறது. கொல்லிமலை ஓரியைப் புறநானூறு ‘ஆதன் ஓரி’ என்கிறது. அப்புறம் அதே பெயர் அரண்மனையை விட்டு வெளியே வருகிறது. கீழடியில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2018இல் நடத்திய அகழாய்வில் தமிழி எழுத்துள்ள 56 பானை ஓடுகள் கிடைத்தன. அவற்றில் படிக்க முடிந்த பெயர்களில் குவிரன் ஆதன் என்பதும் ஆதன் என்பதும் இருந்தன. கொடுமணலில் கிடைத்த ஓடுகளிலும் ஆதன் உண்டு. கீழடியின் ஒரு மாதிரிக்குப் பொ.ஆ.மு. (கி.மு.) 580 என்று காலக்கணிப்பு வந்ததை வைத்து, ஆதன் 2600 ஆண்டுப் பெயர் என்று சிலர் சொல்லிக்கொள்கிறார்கள். அது அந்த மண்ணடுக்கின் காலம். எழுத்துள்ள ஒவ்வோர் ஓட்டின் காலமும் அதுவாகிவிடாது. அவ்வளவு தூரம் போகாமலேயே 2000 ஆண்டு என்று தாராளமாகச் சொல்லலாம்.

அரசன், குறுநிலத் தலைவன், பானைக்குச் சொந்தக்காரர் என்று எல்லாத் தட்டிலும் ஒரே பெயர் ஓடியிருக்கிறது. பாரிக்கும் அதியனுக்கும் இது கிடையாது. அவை ஒரு தலைவனின், ஒரு குடியின் பெயர்கள். ஆதன் ஊராரின் பெயர்.

இன்னும் நெருக்கமான ஒரு சான்று தொல்காப்பியத்தில் இருக்கிறது. எழுத்ததிகாரத்தில் “ஆதனும் பூதனும்” என்று ஒரு நூற்பா வருகிறது. ஆதன் என்ற பெயரோடு தந்தை என்ற சொல் சேர்ந்தால் ‘ஆந்தை’ என்று ஆகும், பூதனோடு சேர்ந்தால் ‘பூந்தை’ என்று ஆகும் என்பது அதற்கு உரையாசிரியர்கள் தரும் விளக்கம். இன்னாரின் அப்பா என்று பிள்ளை பெயரால் தகப்பனைக் குறிப்பது அவ்வளவு சகஜமாக இருந்திருக்கிறது, இலக்கணமே அதற்கு விதி எழுதும் அளவுக்கு. நம் தெருக்களில் ‘முருகன் அப்பா’ என்று கூப்பிடுகிறோமே, அதே வழக்கம்தான்.

இப்போது பிசிராந்தையாரை நினைத்துப் பாருங்கள். பிசிர் என்ற ஊரைச் சேர்ந்த ஆந்தையார், அதாவது ஆதனின் அப்பா. பெயரில் ஆந்தை இருப்பதால் பறவையோடு முடிச்சுப் போட்டுக் கதை சொல்கிறவர்கள் உண்டு. இந்த விதியைத் தெரிந்துகொண்டால் அந்தக் கதை தேவைப்படாது. கோப்பெருஞ்சோழனை நேரில் பார்க்காமலே நட்பு கொண்டு, அவன் உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்தபோது தேடி வந்து தானும் உயிர்விட்டவர் இவர். வயதாகியும் ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்குப் புறநானூறு 191ஆம் பாட்டில் காரணங்களை அடுக்குகிறார். முதல் காரணம், “மாண்ட என் மனைவியொடு மக்களும் நிரம்பினர்” என்பது. மனைவி மாண்புடையவள், பிள்ளைகளும் அறிவில் நிறைந்தவர்கள். தகப்பனுக்கு நரை வராமல் காத்த அந்தப் பிள்ளைகளில் ஒருவன்தான் ஆதன் என்று எடுத்துக்கொண்டால், ஒரு மகனுக்கு வைக்க இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

பெயர் சூட்டும் நாளுக்கு வாழ்த்து வேண்டும் என்றால் அதுவும் தயாராக இருக்கிறது. ஐங்குறுநூற்றின் முதல் பத்துப் பாடல்களும் “வாழி ஆதன் வாழி அவினி” என்றுதான் தொடங்குகின்றன. முதல் பாட்டில் அடுத்த வரி “நெற்பல பொலிக பொன்பெரிது சிறக்க”. தொட்டிலில் போட்டுக் காதில் சொல்ல வேறென்ன வேண்டும்?

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அகராதியைப் புரட்டினால் ஆதன் என்பதற்கு அறிவில்லாதவன், குருடன் என்றும் பொருள் போட்டிருப்பார்கள். பிற்காலத்தில் ஏறிய பொருள் அது, பேச்சில் இன்று யாரும் அப்படிச் சொல்வதில்லை. என் தங்கையின் மாமனார் தமிழ் படித்தவர், இதைச் சுட்டிக்காட்டி முதலில் தயங்கினார். தொல்காப்பியத்து நூற்பாவையும் ஐங்குறுநூற்று வரியையும் காட்டிய பிறகு, “வைக்கலாம்ப்பா” என்றார். பெரியவர்களிடம் இதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. அவர்களாகக் கண்டுபிடித்தால் மனதில் ஒரு நெருடல் நின்றுவிடும்.

இரண்டாவது, ஆதவன். சொன்னவுடன் பாதிப் பேர் ஆதவன் என்றுதான் கேட்பார்கள். பள்ளியிலும் வங்கியிலும் ஒருமுறைக்கு இருமுறை சொல்ல வேண்டியிருக்கும். கீழடிக்குப் பிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2023இல் அங்கே அருங்காட்சியகம் திறந்த பிறகு, எழுத்துள்ள ஓடுகளைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு ஆதன் தெரிந்த பெயராகிவிட்டது. ஆதன் என்ற பெயரில் யூடியூப் சேனலும் இருப்பதால் காதுக்கும் பழகியிருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் புரியாத பெயர் இல்லை. நான் தேடியது அந்த நிலைதான்.

மூன்றாவது ஆங்கில எழுத்து. இதில் அவசரப்படாதீர்கள். தொடக்கத்தில் ஒற்றை ஏ, நடுவில் டி எச் என்று போட்டால் அது தொழுகைக்கு அழைக்கும் ‘அதான்’ என்பதற்கு வழக்கமாக எழுதும் எழுத்து. நடுவில் டியை மட்டும் போட்டால் ‘அடன்’ ஆகிவிடும். டியும் எச்சும் என்று நான் சொல்வது நான்காம் எழுத்தான டி. அதற்குப் பதிலாக இருபதாம் எழுத்தான டியையும் எச்சையும் போட்டால் வெளிநாட்டில் ‘ஏத்தன்’ என்று வாசிப்பார்கள். தொடக்கத்தில் இரண்டு ஏ, நடுவில் நான்காம் எழுத்து டியோடு எச், கடைசியில் ஏ, என். உச்சரிப்புக்கு மிக நெருக்கமாக வருவது இதுதான். எண்கணிதம் பார்த்துக் கூடுதலாக ஓர் எழுத்தைச் செருகச் சொல்வார்கள். அந்த ஓர் எழுத்து, பிள்ளை வாழ்நாள் முழுக்க எல்லா விண்ணப்பத்திலும் விளக்கம் சொல்ல வேண்டிய வேலையாகிவிடும்.

நட்சத்திர எழுத்துப் பார்க்கிற வீடுகளுக்கு: கார்த்திகை முதல் பாதத்துக்கு அகரம் என்பதால் அதியன், ஆதன் இரண்டும் பொருந்தும். உத்திரம் மூன்றாம் பாதத்துக்குப் பாரி.

பெயரை முடிவு செய்யும்போது அடுத்த தலைமுறையையும் சேர்த்துப் பாருங்கள். நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயர்தான் பிள்ளைக்கு முதலெழுத்து. கடவுச்சீட்டில் அது கடைசிப் பெயராக விரியும். இன்று தொட்டிலில் இருப்பவனின் பெயர், நாளைக்கு அவன் மகளின் பெயருக்குப் பின்னால் வந்து நிற்கும். அதியமான் என்று முழுசாக வைத்தால் அந்தப் பெண்ணின் பெயர் எந்தப் படிவத்துக் கட்டத்திலும் அடங்காது. ஆதன், பாரி, அதியன் மூன்றும் எந்தப் பெண் பெயரோடும் ஆண் பெயரோடும் சிக்கல் இல்லாமல் சேரும்.

ஆக என் தேர்வு ஆதன். ஆதவன் குழப்பமும் அகராதிப் பொருளும் உங்களுக்கு உறுத்தினால் அதியன். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வேர் உள்ள குடும்பம் என்றால் நான் அதியனையே முதலில் சொல்வேன், சொந்த மண்ணின் பெயர் அது. வீட்டில் எல்லோருக்கும் பாரி பிடித்திருந்து நீங்கள் மட்டும் அபூர்வத்துக்காகத் தயங்கினால், தயங்காதீர்கள்.

முடிவுக்கு வர அவகாசம் இருக்கிறது. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும், ஆனால் பெயரைச் சேர்க்க ஓர் ஆண்டு வரை கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகும் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். இருந்தாலும் ஓர் ஆண்டுக்குள் முடித்துவிடுங்கள். பதியும்போது பெயரை வாயால் சொல்லாமல், தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதிக் கொடுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று இரண்டு மொழியிலும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஆதன் என்பது ஆதவன் என்று பதிவாகியிருந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுத்துத் திருத்தி வாங்கிக்கொண்டு வாருங்கள்.